ஒய் தட்டியதில் போன தமிழ்99

சாட்ஸ்வொர்த் வாத்தியார்:
ஒரு மென்பொருள் ஓட இன்னொன்று வேண்டும் என்ற டிபென்டென்சி சிக்கல் பற்றி இங்கே பேச்சு வந்ததால் என் கூத்தையும் சொல்கிறேன். கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு. யாரோ கழித்துப் போட்ட ஆறு கணினிகள், எல்லாவற்றிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். பிள்ளைகள் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையில் தட்டுவார்கள். 2024 மார்ச் தொடக்கத்தில் ஒரு கணினிக்கு மட்டும் லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் புதிய பதிப்பைப் போட ஆசை. புதிய மென்பொருளை நிலையான பதிப்புக்கு ஏற்றபடி தரும் பேக்போர்ட்ஸ் என்ற ஒழுங்கான வழி இருந்தும், நான் மென்பொருள் இறங்கும் களஞ்சியப் பட்டியலில், இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் டெபியன் பதிப்பான சிட்டைச் சேர்த்தேன்.

அந்த நேரம் பார்த்து சிட்டில் பெரிய வேலை ஓடிக்கொண்டிருந்தது. 32 பிட் நேரக் கணக்கு 2038-இல் நிரம்பிவிடும் என்பதால் பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் நூலகங்களை மறுபடி கட்டி, பெயர்களின் வாலில் டி64 ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய பெயரைக் கேட்கும் மென்பொருள் தொகுப்புகளும் புதிய பெயரைக் கேட்பவையும் அடிக்கடி முட்டிக்கொண்ட நாட்கள். மென்பொருளை நிறுவித் தரும் ஆப்ட் கருவி எதையும் ஒளிக்கவில்லை. 'இவை நீக்கப்படும்' என்று நீளப் பட்டியல் போட்டது. அதில் ஐபஸும் இருந்தது. படிக்காமல் 'ஆம்' என்பதற்கான ஒய் தட்டினேன். பாதியில் லோட் ஷெட்டிங் வேறு! கரண்ட் வந்ததும், ஆப்டுக்கு அடியில் நிறுவல் வேலை செய்யும் டிபிகேஜியை மீண்டும் ஓட்டி எழுப்பினேன், தமிழ் மட்டும் எழவில்லை. சிட்டிலிருந்து கீழே இறங்குவதற்கு டெபியன் பொறுப்பேற்காது. ஆக, முதலிலிருந்து நிறுவினேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி:
அண்ணா, நீங்கள் உங்கள் கணினியோடு நிறுத்தினீர்கள். நான் இதே கலவையை வைத்துக்கொண்டு டெபியனுக்கு வழு அறிக்கையே அனுப்பினேன், தீவிரம் 'கிரேவ்' (மிக மோசம்) என்று போட்டு! அறிக்கை அனுப்பும் ரிப்போர்ட்பக் கருவி சும்மா இருக்குமா? எந்தெந்தப் பதிப்புகளைக் கலந்திருக்கிறேன், சார்புத் தொகுப்புகள் எந்த எண்ணில் நிற்கின்றன என்று அடியில் தானே எழுதிவிட்டது. அந்தத் தொகுப்பின் பராமரிப்பாளர் கோபப்படவில்லை. கலப்பில்லாத கணினியிலும் இது வருகிறதா என்று ஒரே கேள்வி. வரவில்லை. நானே மூடச் சொல்லிவிட்டேன்.

இசிப்பிங்கோ அக்கா:
வழு சொன்னால்தான் டெபியனுக்குக் கருத்து சொன்னதாகும் என்றில்லை தம்பி. டெபியனை நிறுவும்போது, எந்தத் தொகுப்பை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் பாப்கானில் சேர்கிறாயா என்று கேட்கும். முன்னிருப்பு 'இல்லை', நம்மவர்கள் அப்படியே தாண்டிவிடுவார்கள். சேர்ந்தால் தொகுப்புப் பட்டியல் வாரம் ஒருமுறை பெயரில்லாமல் போகும். நிறுவி வைத்தது வேறு, அண்மையில் பயன்படுத்தியது வேறு என்று பிரித்தே எண்ணுவார்கள். நிறுவல் வட்டுகளில் எது முன்னால் வர வேண்டும் என்பதற்கு அந்தக் கணக்கும் உதவும். வாத்தியாரையா, உங்கள் ஆறு கணினியிலும் இருக்கிறதா?

சாட்ஸ்வொர்த் வாத்தியார்:
ஐந்தில் இல்லை அக்கா. மறுபடி நிறுவிய ஒன்றில்தான் 'ஆம்' கொடுத்தேன்.