செயின்சா மிஷினுக்கு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தன மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு பெட்ரோல்ல கலக்க ஆயில்)? ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்லுதாங்க

திருவட்டார்_தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுத் தோட்டத்துல வயசான ரப்பர் மரம், ஸ்லாட்டர் (வெட்டுகதுக்கு முன்ன கடைசியா பால் எடுக்கது) முடிஞ்சு வெட்டக் கெடக்கு. மரம் சாய்க்கது வெட்டுகாரங்கதான், கொப்பு கழிக்கவும் வெறகு துண்டு போடவும் நான் ஸ்டில் கம்பெனிக்க ஒரு பழைய செயின்சா மிஷின் வாங்கியிருக்கேன். வித்தவரு லிட்டருக்கு 40 மில்லி ஊத்துன்னாரு, வெட்டுகார அண்ணன் 25 போதும்ங்காரு, மிஷினுக்க புக்குல 50:1ன்னு (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) போட்டிருக்கு, அப்படின்னா 20 மில்லிதான் வருது. கையில இருக்கது பங்க்ல வாங்குன சாதாரண 2டி ஆயில். ஆயில் குறைஞ்சா பிஸ்டன் சூடுல இறுகி பிடிச்சிரும்னு பயமா இருக்கு, கூடுனா என்ன கேடுன்னும் தெரியல. எத ஊத்த?

அருமனை_மரவேலை:
தம்பி 40 ஊத்துங்க, யோசிக்காண்டாம். ஒக்கி புயல் அடிச்சப்போ, 2017 நவம்பர் கடைசி, ரோட்டுல தோட்டத்துலன்னு ரப்பரும் அயனியும் பிலாவும் சாஞ்சு கெடந்தத ராத்திரி பகல் பாக்காம அறுத்தோம், எல்லாம் 40 மில்லியிலதான், ஒரு மிஷினும் பிடிக்கல. பொக வரும், அவ்வளவுதான்.

குலசேகரம்_ஒர்க்‌ஷாப்:
மேல அண்ணன் சொன்னது அந்த ஆயிலுக்கு சரிதான், ஆனா காரணம் தெரிஞ்சு ஊத்தணும் தம்பி. ஊத்துக ஆயிலுக்கு ஏத்த மாதிரி கணக்கு மாறும். 50:1ங்கது கம்பெனிக்க சொந்த ஆயில் ஊத்துனா. வேற 2டி ஆயில்னா 25:1 ஊத்தணும்னு ஸ்டில் புக்குலயே போட்டிருக்கும், அதுதான் 40 மில்லி. ஹஸ்க்வர்னாங்க இன்னொரு கம்பெனி சொந்த ஆயிலுக்கு 50:1, மத்த ஆயிலுக்கு 33:1ங்கான், அது லிட்டருக்கு 30 மில்லி. மார்த்தாண்டத்துல கெடைக்க சைனா 58 சிசி மிஷின்ல பெரும்பாலும் 25:1ன்னு ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். அதனால மொதல்ல ஆயில் டப்பாவ திருப்பிப் பாருங்க, ஜேசோ (ஜப்பான்காரன் ஆயிலுக்கு போடுக தரம்) எஃப்சி இல்லன்னா எஃப்டின்னு எழுதியிருந்தா நல்ல ஆயில், பொக கம்மி, கரி கம்மி. ஒண்ணுமே எழுதாத டப்பான்னா வாங்காதீங்க.

கூடுனா கேடு உண்டு. சைலன்சருக்குள்ள இருக்க வலையும் எக்ஸாஸ்ட் வாயும் கரி பிடிச்சு அடையும், பிளக் நனையும், மிஷினுக்கு இழுவ போயிரும். இன்னொண்ணு பலரும் யோசிக்காதது, ஆயில் கூடுன அளவுக்கு அந்த லிட்டர்ல பெட்ரோல் கொறையுது, 20லேந்து 40க்கு போனா கார்புரேட்டர்ல எச் ஸ்க்ரூவ (முழு வேகத்துல பெட்ரோல் அளவ கூட்டிக் கொறைக்க ஸ்க்ரூ) ஒரு தடவ செக் பண்ணிக்கிடணும். மரத்துல வைக்காம முழு ஆக்சிலேட்டர் குடுத்தா சத்தம் கொஞ்சம் கரகரன்னு இருக்கணும், மரத்துல வச்ச உடனே தெளியணும். வெறும் ஓட்டத்துலயே கீச்சுன்னு கத்துனா, ஆக்சிலேட்டர விட்ட பெறவும் வேகம் இறங்காம நின்னா, பெட்ரோல் பத்தல இல்ல எங்கயோ காத்து இழுக்குது, உடனே ஆஃப் பண்ணுங்க. பிஸ்டன் பிடிக்கது பாதி அப்படித்தான், ஆயில் கொறஞ்சு மட்டும் இல்ல.

பழைய மிஷின்னா ஓட்டதுக்கு முன்ன சைலன்சர கழத்தி அந்த ஓட்ட வழியா பிஸ்டன பாருங்க. நெடுக்க கீறல் விழுந்திருந்தா ஏற்கெனவே ஒரு தடவ பிடிச்ச மிஷின்.

குளச்சல்_கடற்கரை:
ஒரு விஷயம் சேத்து சொல்லுதேன். எங்க பக்கம் வள்ளத்துக்க அவுட்போர்டு எஞ்சினுக்கு உள்ள ஆயில் லேசா கெடைக்கும், டப்பாவுல டிசி டபிள்யூ3ன்னு இருக்கும், அதுவும் 2டிதானேன்னு செயின்சாவுல ஊத்துதாங்க. ஊத்தாதீங்க. அது வெள்ளத்துல (தண்ணியில) குளிருக எஞ்சினுக்கு உள்ளது, செயின்சா காத்துல குளிருகது, சூடு ரொம்ப கூட, அந்த ஆயில் தாங்காது.

திருவட்டார்_தோட்டம்:
அண்ணே ரொம்ப நன்றி. டப்பாவுல எஃப்சின்னு இருக்கு, அப்போ 40 ஊத்துதேன். இப்ப வருக இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பிரச்சனையா? அஞ்சு லிட்டரா மொத்தமா கலக்கி வச்சுக்கிடலாமா?

குலசேகரம்_ஒர்க்‌ஷாப்:
மொத்தமா வைக்காதீங்க தம்பி, இப்ப ஒர்க்‌ஷாப்புக்கு வருக மிஷின்ல பெரும்பாலும் இந்த பெட்ரோல் கேசுதான். இந்த மிஷினுக்கு பொதுவா 10 சதவீதம் எத்தனால் வரத்தான் கம்பெனி ஒத்துக்கிடும், இப்ப பங்க்ல 20. எத்தனால் காத்துல உள்ள ஈரத்த இழுக்கும், நம்ம ஊர்ல ரெண்டு மழையும் உண்டு, கேன் மூடி லூசா இருந்தா அது போதும். ஈரம் கூடுனா எத்தனாலும் வெள்ளமும் சேந்து பிரிஞ்சு அடியில போய் நிக்கும், ஆயில் மேல பெட்ரோலோட நிக்கும். மிஷின் டேங்குல ஃபில்டர் கெடக்கது அடியில, அப்போ ஆயிலே இல்லாதத இழுத்து ஓடும், நீங்க 40 இல்ல 60 ஊத்தியும் பிரயோசனம் இல்ல. ரப்பர் ஹோசும் கார்புரேட்டர் டயஃப்ரமும் வெறச்சுப் போகும், அது வேற.

அன்னன்னைக்கு வேலைக்கு ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர் கலக்குங்க. பாதி பெட்ரோல் ஊத்தி, ஆயில் விட்டு, குலுக்கி, பெறவு மிச்ச பெட்ரோல். மூடி குப்பியில அளக்காதீங்க, மெடிக்கல்ல 20 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு வாங்கிப் போடுங்க, ரெண்டு சிரிஞ்ச் ஒரு லிட்டருக்கு, கணக்கு தெத்தாது. மிஷின் டேங்குல நேரா கலக்கவே கூடாது. மாசக்கணக்கா கெடந்த மிக்ஸ் இருந்தா செயின்சாவுல ஊத்தாதீங்க. வேலை முடிஞ்சு ஒரு மாசம் மிஷின் எடுக்க மாட்டீங்கன்னா டேங்க காலி பண்ணி, தானா நிக்கது வர ஓட விட்டு வைங்க.

அருமனை_மரவேலை:
வொர்க்‌ஷாப் அண்ணன் சொன்ன அந்த கீச்சு சத்தம் கரெக்டு, நாங்களும் அத வச்சுதான் கண்டுபிடிப்போம். தம்பி, செயினுக்கு ஊத்துக ஆயில் வேற டேங்க், அதையும் மறக்காதீங்க. ரப்பர் பால் செயின்ல ஒட்டி பார்ல (செயின் சுத்தி ஓடுக நீளத் தகடு) உறைஞ்சு போகும், பழைய எஞ்சின் ஆயில ஊத்தாதீங்க, இரும்புப் பொடி கெடக்கும் அதுல. புது ஆயிலே ஊத்தி, சாயங்காலம் பார கழத்தி அந்த பள்ளத்த ஒரு கம்பியால வழிச்சு விடுங்க.