சாட்ஸ்வர்த்தில் பழைய வீடா, உம்லாங்காவில் புதிய பிளாட்டா?

உம்லாங்கா வாடகைக்காரன்:
வணக்கம். நானும் மனைவியும் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒன்பது ஆண்டும் வாடகை வீடுதான். இப்போது மாதம் 10,500 ராண்ட் கொடுக்கிறோம். சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று நான்கு மாதங்களாக அலைந்து, கடைசியில் இரண்டு இடங்களில் வந்து நிற்கிறோம். இரண்டுக்கும் விலை ஏறக்குறைய 13.5 லட்சம் ராண்ட்.

முதலாவது, சாட்ஸ்வர்த் மூர்டனில் மூன்று படுக்கையறை உள்ள பழைய வீடு. பின்னால் ஓர் அவுட்பில்டிங், அதாவது தனியாக ஒரு சிறிய கட்டடம் இருக்கிறது. அதில் ஒரு குடும்பம் 4,500 ராண்ட் வாடகைக்கு இருக்கிறது. சரிவான நிலம், ஒரு பெரிய கறிவேப்பிலை மரம். இரண்டாவது, உம்லாங்கா ரிட்ஜ் பக்கம் கட்டி முடியும் நிலையில் இருக்கும் அடுக்ககத்தில் இரண்டு படுக்கையறை பிளாட். கையில் 1.5 லட்சம் இருக்கிறது. மீதி 12 லட்சத்துக்கு பாண்ட், அதாவது வங்கி வீட்டுக் கடன் போட வேண்டும். மனைவியின் மனம் அந்த வீட்டில் இருக்கிறது. என் மனம் பிளாட்டில். பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூர்டன் பேரன்:
வீட்டை வாங்குங்கள், தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

என் தாத்தா குடும்பம் டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்தது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்க 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் அவர்களை அங்கிருந்து பெயர்த்து இந்த மலைச்சரிவில் கொண்டுவந்து போட்டது. நகராட்சி கொடுத்தது ஒட்டிக் கட்டிய சிறிய வீடு. அப்பா ஓர் அறை கட்டினார், சித்தப்பா சமையற்கட்டை நீட்டினார், நான் கார் நிறுத்த ஷெட் போட்டேன். மூன்று தலைமுறை அதே மண்ணில் வளர்ந்தது. பிளாட்டில் உங்கள் மகனுக்கு ஓர் அறை கூடுதலாக வேண்டுமென்றால் எங்கே கட்டுவீர்கள்? பாண்டை அடைத்து முடித்த பிறகும் அடுக்ககப் பராமரிப்புக்கு மாதாமாதம் கட்டும் லெவி நிற்காது. நிலம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கோவிலுக்கு நடந்து போகலாம், புரட்டாசியில் பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும். அந்த அக்கம்பக்கத்துக்கு விலை போட முடியாது.

வடகடற்கரை:
அண்ணாவின் குடும்பக் கதையை மதிக்கிறேன். ஆனால் கேட்டவர் வரலாற்றை வாங்கவில்லை, வீட்டை வாங்குகிறார்.

லெவியை அபராதம்போல் பேசுவது எனக்குப் புரியவில்லை. கூரை, பெயிண்ட், குழாய், மதில், காவல் ஆகியவற்றுக்குத் தனி வீட்டிலும் செலவு உண்டு. மாதாமாதம் பில் வருவதில்லை, அவ்வளவுதான். ஒருநாள் மொத்தமாக வரும். என் பெற்றோர் வீட்டில் தாங்குசுவர் சாய்ந்தபோது ஆறு ஆண்டு லெவிக்கு ஈடான பணம் ஒரே மாதத்தில் போனது.

புதிய பிளாட்டை டெவலப்பரிடம் வாங்கினால் 15 சதவீத வாட் விலைக்குள்ளேயே இருக்கும், டிரான்ஸ்ஃபர் டியூட்டி என்ற பெயர் மாற்ற வரி கிடையாது. வீடு கட்டுபவர்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்.ஹெச்.பி.ஆர்.சி.யில் பதிவான புதுக் கட்டடத்துக்குக் கட்டமைப்புக் குறைகளுக்கு ஐந்து ஆண்டு, கூரை ஒழுகலுக்கு ஓர் ஆண்டு உத்தரவாதம் உண்டு. பழைய வீட்டுக்கு யார் உத்தரவாதம்? "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று ஒரு வரி எழுதி, உள்ளபடியே விற்றுவிட்டு விற்றவர் போய்விடுவார்.

முக்கியமான கேள்வி: அந்த அவுட்பில்டிங்குக்கு நகராட்சி ஒப்புதல் பெற்ற பிளான் இருக்கிறதா?

மூர்டன் பேரன்:
எங்கள் தெருவில் பல அவுட்பில்டிங்குகளுக்குப் பிளான் கிடையாது. நாற்பது ஆண்டுகளாக நிற்கின்றன. யாரும் வந்து இடித்ததில்லை.

வடகடற்கரை:
இடிக்கவில்லை என்பது ஒப்புதல் ஆகாது, அண்ணா. நகராட்சியின் ஒப்புதல் இல்லாமல் கட்டக்கூடாது என்று 1977இன் கட்டடச் சட்டமே சொல்கிறது. நாளை அந்தச் சுவர் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது பிளானைத்தான். இவர் திரும்ப விற்கும்போது வாங்க வருபவரின் வங்கியும் கேட்கலாம். 4,500 ராண்ட் வாடகையை நம்பி விலை கொடுப்பவர், அந்த வாடகை எந்தக் காகிதத்தின்மீது நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் எந்த வீடு என்று சண்டை போடுகிறீர்கள். வாங்க வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

2025 நவம்பரில் பிரைம், அதாவது வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி விகிதம், 10.25 சதவீதத்துக்கு இறங்கியது. அந்த விகிதத்தில் 12 லட்சத்துக்கு 20 ஆண்டு பாண்ட் என்றால் மாதத் தவணை சுமார் 11,780 ராண்ட். முதல் மாதத் தவணையில் 10,250 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 1,530. நீங்கள் இன்று வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் 10,500க்கும் வங்கிக்குக் கொடுக்கப்போகும் வட்டிக்கும் என்ன வித்தியாசம்? இதன்மேல் நகராட்சி வரி, காப்பீடு, பராமரிப்பு அல்லது லெவி. இருபது ஆண்டு முடியும்போது வங்கிக்கு 28 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள்.

அதுவும் விகிதம் இப்படியே இருந்தால். 2020இல் பிரைம் 7 சதவீதமாக இருந்தபோது இதே கடனுக்குத் தவணை 9,300. அதைப் பார்த்து வீடு வாங்கியவர்கள் 2023 மே மாதம் 11.75 ஆனபோது 13,000 கட்டினார்கள். மாதம் 3,700 ராண்ட் கூடுதலாக எங்கிருந்து வரும்? என்னிடம் கணக்கு எழுதும் ஒரு குடும்பம் அந்த ஆண்டில் காரை விற்றது, அடுத்த ஆண்டு வீட்டையும் விற்றது. அந்த அம்மா என் மேசையின் எதிரே உட்கார்ந்து, சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவியை மட்டும் நகத்தால் நெம்பி நெம்பிக் கழற்றியதை நான் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மூர்டன் பேரன்:
ஐயா, உங்கள் கணக்கு சரி, ஆனால் முதல் மாதத்தோடு நிறுத்திவிட்டீர்கள். வாடகை ஆண்டுதோறும் ஏறும். பாண்டின் அசல் ஆண்டுதோறும் இறங்கும். அந்த அவுட்பில்டிங் வாடகையிலிருந்து மாதம் 1,000 ராண்ட் மட்டும் கூடுதலாகப் பாண்டில் போடட்டும், என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
போட்டுப் பார்த்தேன். 10.25 சதவீதத்தில் 20 ஆண்டுக் கடன் 16 ஆண்டுக்குள் முடிகிறது. வட்டியில் சுமார் 3.9 லட்சம் மிச்சம். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விகிதம் ஏறும் ஆண்டில் அந்த ஆயிரத்தை யாரும் போடுவதில்லை. 13,000 கட்ட முடியுமா என்று முதலில் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். மூன்று மாதம் 13,000 கட்டுவதாக நினைத்து, வாடகை போக மீதியைத் தனிக் கணக்கில் போட்டுப் பார்க்கட்டும். மூச்சு முட்டினால் வாங்க வேண்டாம்.

வெருலம் அக்கா:
தம்பி, எல்லோரும் காகிதத்தைப் பார்க்கிறார்கள். நான் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன்.

2022 ஏப்ரல் மழையில் குவாசூலு-நட்டாலில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் அப்போது மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தேன். வந்தவர்களில் பலர் ஆற்றோரம் இருந்தவர்கள் அல்ல, சரிவில் வீடு உள்ளவர்கள். மேலே இருந்த மண் இறங்கி வந்தது. டொங்காட்டில் சுத்திகரிப்பு நிலையமே சிதைந்து, அந்த ஊர் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது.

ஆகவே இரண்டு இடத்துக்கும் ஒரே கேள்வி: மழை பெய்யும்போது போய்ப் பார்த்தீர்களா? வெயில் நாளில் எந்த வீடும் அழகுதான். சரிவான நிலம் என்று எழுதியிருக்கிறீர்கள். தாங்குசுவரில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கின்றனவா, அடைத்திருக்கின்றனவா? மேல்வீட்டுக்காரரின் மழைநீர் எங்கே இறங்குகிறது? பிளாட்டிலும் கேளுங்கள்: தண்ணீர் நின்றால் எத்தனை நாளுக்குத் தொட்டியில் இருக்கும், மின்சாரம் நின்றால் பம்பு ஓடுமா? ஆறாம் மாடியில் வாளியோடு ஏறுவது என்னவென்று எனக்குத் தெரியும்.

வடகடற்கரை:
அக்கா சொல்வது முழுக்கச் சரி. எங்கள் கட்டடத்தில் தொட்டி உண்டு, ஆனால் வாங்கும்போது நான் கேட்கவில்லை. அது என் அதிர்ஷ்டம்.

பழைய வீட்டில் இன்னொரு சிக்கல்: பழைய சொந்தக்காரர் ஆண்டுக்கணக்கில் கட்டாமல் விட்ட தண்ணீர், வரிப் பாக்கி உங்கள் தலையில் விழும்.

மூர்டன் பேரன்:
இல்லை, அம்மா. அந்தப் பயத்தைக் கிளப்பாதீர்கள். பழைய பாக்கி புதிய சொந்தக்காரரைப் பின்தொடராது என்று 2017 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பெயர் மாற்றத்துக்கு முன்பு, கடைசி இரண்டு ஆண்டுப் பாக்கி தீர்ந்ததற்கான சான்றிதழை நகராட்சியிடம் விற்பவர் தரப்பு வாங்கியாக வேண்டும். அது இல்லாமல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் காகிதம் நகராது.

ஃபூட்ஸ்டூட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. தெரிந்த குறையை மறைத்து விற்றவரை அந்த வரி காப்பாற்றாது. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஏஜென்ட் வழியாக விற்பவர் வீட்டின் குறைகளைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தம்பி, அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். டிரான்ஸ்ஃபர் டியூட்டியும் பூதம் இல்லை. 2025 ஏப்ரல் முதல் 12.1 லட்சம் வரை வரி கிடையாது, அதற்கு மேல் உள்ளதுக்கு முதல் படியில் 3 சதவீதம். 13.5 லட்சத்துக்கு 4,200 ராண்ட்தான்.

வடகடற்கரை:
பாக்கி விஷயத்தில் நான் சொன்னது தவறு. திருத்திக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
4,200 என்று சொல்லிவிட்டு வழக்கறிஞர் கட்டணத்தை விட்டுவிட்டீர்கள். பெயர் மாற்ற ஒருவர், பாண்டைப் பதிய இன்னொருவர். இரண்டுக்கும் வாங்குபவர்தான் கொடுக்க வேண்டும். பல பத்தாயிரம் ராண்ட் ஆகும். கையிலிருக்கும் 1.5 லட்சத்தை முழுவதும் முன்பணமாகப் போட்டால் அதற்கு எங்கே போவார்?

பிளாட்டிலும் ஒரு பொறி உண்டு. கட்டடம் முடிந்து நீங்கள் குடியேறினாலும், செக்‌ஷனல் டைட்டில் என்ற, ஒவ்வொரு பிளாட்டுக்கும் தனி உரிமை தரும் பதிவு திறந்து உங்கள் பெயருக்கு மாறும்வரை டெவலப்பருக்கு மாதாமாதம் குடியிருப்பு வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். அதில் ஒரு ராண்டுகூட உங்கள் கடனைக் குறைக்காது. ஒப்பந்தத்தில் அந்தத் தொகையையும், தாமதமானால் யார் பொறுப்பு என்பதையும் தேடிப் படியுங்கள்.

வெருலம் அக்கா:
அவுட்பில்டிங்கில் ஒரு குடும்பம் இருக்கிறது என்றாரே. அவர்களைப் பற்றி யாராவது கேட்டீர்களா? குழந்தைகள் இருக்கலாம், வயதானவர்கள் இருக்கலாம்.

மூர்டன் பேரன்:
நல்ல கேள்வி, அக்கா. வீடு கைமாறினாலும் அவர்களுடைய வாடகை ஒப்பந்தம் புதிய சொந்தக்காரரோடு தொடரும். அவர்களாகப் போகாவிட்டால் 1998இன் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. தம்பி, போய் அவர்களோடு பேசுங்கள். அந்த வீட்டின் குறைகள் விற்பவரைவிட அவர்களுக்குத் தெரியும்.

உம்லாங்கா வாடகைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று பிற்பகல் மழை பிடித்ததும் பள்ளியிலிருந்து நேராக மூர்டனுக்கு ஓட்டினேன்.

அவுட்பில்டிங்கில் இருக்கும் அம்மா கதவைத் திறந்து, பேசாமல் ஒரு பாயை இழுத்துக் காட்டினார். அதன் அடியில் ஈரம். சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கீழே மட்டும் பெயிண்ட் புதிதாக இருந்தது. மேலே உள்ளதைவிட ஒரு சாயல் வெளுப்பு. விரலால் அழுத்தினேன், பூச்சு பிஸ்கட்போல் உதிர்ந்தது. வெளியே தாங்குசுவரில் ஐந்து வடிகால் ஓட்டைகள். இரண்டில் தண்ணீர் சொட்டியது. மூன்றை சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். வீட்டின் உள்ளே மட்டும் எங்கும் ஒரு சொட்டு இல்லை. கூரை நன்றாக இருக்கிறது.

இன்று காலை ஏஜென்டிடம் குறைகள் படிவம் கேட்டேன். "ஈரம்" என்ற இடத்தில் "இல்லை" என்று குறித்திருக்கிறது. அவுட்பில்டிங்குக்குப் பிளான் உண்டா என்றதற்கு, தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்.

பிளாட் அலுவலகத்துக்கும் போனேன். தொட்டி ஒன்றரை நாளுக்குத் தாங்கும் என்றார்கள். குடியிருப்பு வாடகை மாதம் 9,800 என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருந்தது.

வடகடற்கரை:
அப்படியென்றால் வீட்டை விட்டுவிடுங்கள். படிவத்தில் ஒரு பொய் எழுதியவர் வேறு எதை எழுதாமல் விட்டிருப்பார்?

மூர்டன் பேரன்:
விட வேண்டாம். பிரதான வீடு நன்றாக இருக்கிறது என்கிறாரே. அவுட்பில்டிங்கை இல்லாததாக வைத்து விலை பேசுங்கள். ஒப்புதல் பெற்ற பிளானும், தாங்குசுவரைப் பற்றி ஒரு பொறியாளரின் அறிக்கையும் வந்தால் மட்டுமே ஒப்பந்தம் செல்லும் என்று ஆஃபரிலேயே நிபந்தனை எழுதுங்கள். வாய்வார்த்தை வேண்டாம், நிலம் விற்பது இந்த நாட்டில் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினாலும் இந்த விலையில் உங்களுக்கு ஐந்து நாள் அவகாசம் கிடையாது. அந்த அவகாசம் 2.5 லட்சத்துக்கு உட்பட்ட சொத்துக்கு மட்டும்.

கணக்குப்பிள்ளை:
இந்த முறை மூர்டன் பேரனோடு உடன்படுகிறேன். முன்பணம் வழக்கறிஞரின் டிரஸ்ட் கணக்கில் மட்டுமே போக வேண்டும். விலை 12 லட்சத்துக்கு இறங்கினால் டிரான்ஸ்ஃபர் டியூட்டியும் இல்லை. இறங்காவிட்டால் வாடகையிலேயே இருங்கள், தம்பி. அதில் ஒரு குறைவும் இல்லை.

உம்லாங்கா வாடகைக்காரன்:
மனைவியோடு இரவு முழுவதும் பேசினேன். அந்த இரண்டு நிபந்தனைகளோடு 11.8 லட்சத்துக்கு ஆஃபர் எழுதுகிறோம். பிளாட்டுக்கு இன்னும் கையெழுத்திடவில்லை. அந்தக் குடும்பத்திடமும் சொல்லிவிட்டேன். எது நடந்தாலும் அவர்களை முதலில் கேட்காமல் எதுவும் செய்யமாட்டோம் என்று. கூரைக்குள் ஏறிப் பார்க்க யாராவது கூட வர முடியுமா? ஏஜென்ட் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சாவி தருகிறார்.

மூர்டன் பேரன்:
வருகிறேன். ஏணியும் டார்ச்சும் என்னிடம் இருக்கின்றன. மர வண்டு பிடித்திருக்கிறதா என்றும் உத்தரத்தைத் தட்டிப் பார்த்துவிடலாம்.