பழைய நகர மையத்தில் 700 இருக்கை அரங்கம்: முகப்பு எப்படி இருக்க வேண்டும்?

கோட்டுச்சித்திரம்:
இசை, நாடகம், நடனம் மூன்றுக்குமான அரங்கம். குறுகலான தெரு, சுற்றிலும் மூன்று மாடிப் பழங்கட்டடங்கள். முகப்பைப் பழைய பாணியில் அமைப்பதா, கண்ணாடியில் அமைப்பதா என்று குழுவுக்குள் இழுபறி. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பக்கத்திரை:
நான் மேடை மேலாளர். அரங்கங்களுக்குள் முகப்பு வழியாக நுழைந்ததே அரிது. அதனால் முதலில் கேட்கிறேன்: லாரி எங்கே நிற்கும்? நிகழ்ச்சி முடிந்து நள்ளிரவில் காட்சிப் பொருள்களை ஏற்றும்போதுதான் அக்கம்பக்கத்தார் உங்கள் அரங்கத்தை வெறுக்கத் தொடங்குவார்கள். மேடையின் மட்டத்திலேயே, கூரையும் கதவும் கொண்ட ஏற்றுமிடம் வேண்டும். அதற்கு ஒதுக்கியதுபோக மிஞ்சும் இடத்தில் முகப்பை வரையுங்கள்.

அடுத்தது உயரம். திரைகளை முழுதாக மேலே தூக்கி மறைக்க, மேடைத் திறப்பின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்குக்குக் குறையாத மேடைக்கூடு, அதாவது மேடைக்கு மேலே எழும் பெட்டி, தேவை. திறப்பு 8 மீட்டர் என்றால் கூடு 20 மீட்டர். எந்த முகப்பு போட்டாலும் அந்தப் பெட்டி வீடுகளுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் 2008-இல் திறந்த ஓபரா அரங்கைப் பாருங்கள். தெருவில் நடப்பவர் கண்ணுக்கு வரிசை வீடுகள்தாம். அரங்கம் அவற்றுக்குப் பின்னால். மேடைக்கூட்டை மட்டும் ஒளிக்க முயலவில்லை. செம்புத் தகடு போர்த்தி, கூரைகளுக்கு மேலே எல்லோரும் பார்க்கும்படி நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும்.

சுண்ணாம்புச்சுவர்:
முகப்பை இப்படித் தள்ளிவிடாதீர்கள். டிக்கெட் வாங்காதவரும் தினமும் பார்ப்பது அதைத்தான். பிரான்ஸின் லியோன் ஓபராவில் கட்டடக் கலைஞர் ழான் நூவேல் 1831-ஆம் ஆண்டுக் கட்டடத்தின் வெளிச்சுவர்களையும் முன்கூடத்தையும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டார். மேலே கண்ணாடி வளைகூரை, கீழே தோண்டிய தளங்கள். 1993-இல் திறந்தார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அதைப் பழமையின் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு நா கூசுகிறது. மால்டாவின் வலேட்டாவில் 1942-இல் குண்டு விழுந்து சிதைந்த ஓபரா அரங்கின் இடிபாடுகளுக்குள்ளேயே கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ திறந்தவெளி அரங்கம் அமைத்தார். கூரை வேண்டும் என்று பலர் எதிர்த்தார்கள். என் ஓட்டு பியானோவுக்கே.

கோட்டுச்சித்திரம்:
பின்னால் சந்து ஒன்று இருக்கிறது. லாரி திரும்புமா என்பது சந்தேகம். மேடைக்கூட்டையே விட்டுவிட்டால்?

பக்கத்திரை:
விடலாம். பெரிய காட்சி மாற்றங்கள் உள்ள நாடகங்கள் வராது; அதைக் குழுவிடம் இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள், பிறகு உங்கள் தலையில் விழும். இசைக்கு எதிர்முழக்க நேரம் (ஒலி நின்றபின் அதன் முழக்கம் அடங்க ஆகும் நேரம்) 2 வினாடியை ஒட்டி இருக்கலாம். வசனத்துக்கு 1 வினாடியே போதும். ஒரே கூடம் இரண்டுக்கும் உதவ, சுவர்களில் இழுத்து மூடும், முழக்கத்தை உறிஞ்சும் கனத்த திரைகள் தேவை. அவற்றை இயக்க ஆளையும் போடச் சொல்லுங்கள். ஆளில்லாமல் ஆண்டுக்கணக்கில் மூடியே கிடந்த திரைகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே வயலின் கேட்பது தண்டனை.

சந்தின் அகலத்தையும் மூலைத் திருப்பத்தையும் அளந்து போடுங்கள். எந்த அளவு லாரி நுழையும் என்று சொல்கிறேன்.