கலைச்சொல்: எச்பிஏ அட்டைக்கு என்ன பெயர்?

> வீட்டு லினக்ஸ் சேவையகக் கையேட்டில், பல வட்டுகளைக் கணினியில் மாட்ட உதவும் எச்பிஏ (ஹோஸ்ட் பஸ் அடாப்டர்), ரெய்ட் கார்டு இரண்டையும் 'வட்டுக் கட்டுப்படுத்தி' என்றே எழுதிவிடலாமா?

வேண்டாம். அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் தவறான அட்டையோடு திரும்புவார். ரெய்ட் அட்டை உண்மையிலேயே கட்டுப்படுத்துகிறது: எட்டு வட்டுகளைத் தனக்குள் வைத்துக்கொண்டு லினக்ஸுக்கு ஒரே வட்டாகக் காட்டும். அட்டை போனால், வட்டுகளைப் படிக்க பெரும்பாலும் அதே குடும்பத்து அட்டையைத்தான் தேட வேண்டும். எச்பிஏ அப்படியில்லை. ஒவ்வொரு வட்டையும் உள்ளபடியே லினக்ஸிடம் விட்டுவிடும்; வட்டுகளைத் தானே நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் கோப்புமுறை எதிர்பார்ப்பது இதைத்தான். 'வட்டிணைப்பி' என் பரிந்துரை. ரெய்டுக்கு 'வட்டணி அட்டை'.

– புதுச்சேரியிலிருந்து

> 'வட்டிணைப்பி' என் பரிந்துரை.

வேறுபாட்டை ஏற்கிறேன், சொல்லை ஏற்க முடியவில்லை. சேர்த்து எழுதினால் கண் முதலில் 'வட்டி'யில் போய் நிற்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், 'இணைப்பி' ஏற்கெனவே கனெக்டருக்குப் போய்விட்டது. எல்எஸ்ஐ 9211-8ஐ என்ற எச்பிஏ அட்டையிலேயே வடம் மாட்டும் எஸ்எஃப்எஃப்-8087 இணைப்பிகள் இரண்டு இருக்கின்றன. 'இணைப்பியைக் கழற்றுக' என்றால் எதைக் கழற்றுவது?

'நேரிணைப்பு அட்டை' எனலாமா? எஸ்எஸ்டி, டேப் டிரைவ் எது மாட்டினாலும் பொருந்தும். அட்டையை வெறும் எச்பிஏவாக இயக்கும் உள்மென்பொருளான ஐடி மோட் ஃபர்ம்வேரும் 'நேரிணைப்பு நிலைபொருள்' ஆகிவிடும். பழைய அட்டை வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதானே. நிலைபொருளை எழுதும் எஸ்ஏஎஸ்2ஃப்ளாஷ் கருவியில் '-லிஸ்ட்' கொடுத்தால் நிலைபொருள் வரியில் 'ஐடி'யா, ரெய்ட் வசதியுள்ள 'ஐஆர்' வகையா என்று தெரியும். பதிப்பு 20.00.07.00 ஆக இருக்கட்டும். 20-இன் தொடக்கப் பதிப்புகளில் கோளாறு உண்டு.

நிலைபொருளை மாற்றும் பகுதியில் ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். அழிப்பதற்கு முன் அட்டையில் ஒட்டியிருக்கும் எஸ்ஏஎஸ் முகவரியை (அட்டையின் தனி அடையாள எண்)க் குறித்துக்கொள்ள வேண்டும். அழித்தால் அட்டையின் நினைவிலிருந்து அதுவும் போய்விடலாம். அழித்தபின் புதியதை எழுதி முடிக்கும்வரை கணினியை அணைக்கக் கூடாது. கடலூர்ப் பக்கம் கரண்ட்டை நம்பி யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்கவே வேண்டாம்.

– கடலூரிலிருந்து

'நேரிணைப்பு அட்டை' நன்றாக இருக்கிறது, என் சொல்லை விட்டுவிடுகிறேன். சொல்லை முதலில் ஆளும் இடத்தில் மட்டும் 'எச்பிஏ கார்டு' என்றும் சேர்ப்போம். கடையில் அப்படித்தான் கேட்க வேண்டும்.

அதே பத்தியில் சூட்டையும் சொல்லியாக வேண்டும். சர்வர் பெட்டியின் பலத்த காற்றோட்டத்தை நம்பிச் செய்த அட்டை இது. வீட்டுப் பெட்டியில், அதுவும் புதுச்சேரி மே மாதத்தில், அதன் வெப்பத்தகட்டில் விரல் வைக்க முடியாது. சூடு மிஞ்சினால் பெரிய நகல் ஓடும்போது வட்டுகள் ஒன்றொன்றாகக் காணாமல் போகும், பழி வட்டின் மேல் விழும். தகட்டின் மேல் 40 மிமீ விசிறி ஒன்று போதும். கடற்காற்று பட்ட பழைய அட்டையானால், செருகுமுன் பொன்முலாம் விளிம்பை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும்.

இன்னொரு சொல் பாக்கி: ஒரு முனை நான்காகப் பிரியும் பிரேக்அவுட் கேபிள். 'கிளைவடம்' எனலாம். ஆனால் அட்டையிலிருந்து நான்கு சாட்டா வட்டுகளுக்குப் போவது ஒன்று, மதர்போர்டின் சாட்டாவிலிருந்து, வட்டுகளைச் செருகும் பலகையான பேக்பிளேனுக்குப் போவது வேறொன்று. பார்க்க இரண்டும் ஒன்றே. மாற்றி வாங்கினால் ஒரு வட்டும் தெரியாது. முதலாவதற்கு 'முன்கிளைவடம்', மற்றதற்கு 'பின்கிளைவடம்' சரிவருமா?

– புதுச்சேரியிலிருந்து