வீட்டிலும் கடையிலும் பசுமைக்கு மாறினவங்க: நடந்ததை மட்டும் சொல்லுங்க

கட்டுச்சோறு (மதுரை)

அறிவுரை வேண்டாம், உங்களுக்கு நடந்ததை எழுதுங்க. சொதப்பினதையும் சேர்த்து. நானே தொடங்குறேன்.

சின்ன மெஸ் நடத்துறேன். மத்தியானம் 60, 70 பார்சல் போகும். 2019 ஜனவரி 1-ல தமிழ்நாட்டுத் தடை வந்தப்ப, தடை செஞ்ச 14 பொருள் பட்டியலைக் கல்லாவுக்குப் பக்கத்துல ஒட்டினேன். ஒட்டின பிறகுதான் படிச்சுப் பார்த்தேன். பாதி நம்ம கடையிலயே இருக்கு. பேப்பர் கப்புதானேன்னு நினைச்ச டீ கப்பும் அதுல வருது, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு.

சோத்துக்கும் பொரியலுக்கும் பிரச்சினையே இல்ல, வாழை இலை இருக்கு. சாம்பாரும் ரசமும்தான் உயிரை எடுத்துச்சு. அந்த நேரத்துல ஒருத்தர் வந்து "துணிப்பைண்ணே, மலிவு"ன்னு 500 பையை இறக்கிட்டுப் போனார். தொட்டுப் பார்த்தா துணி மாதிரிதான் இருந்துச்சு. சந்தேகத்துல தீக்குச்சியைக் காட்டினேன், உருகிச் சொட்டுச்சு. நான்-ஓவன் பை, துணி மாதிரி தெரியுற பிளாஸ்டிக். அதுவும் அந்த 14-ல ஒண்ணு. அடுத்து இன்னொருத்தர் "மக்கும் கவர்" கொடுத்தார். ஒண்ணை எடுத்து வீட்டு செம்பருத்தித் தொட்டியில புதைச்சேன். ஒரு வருசம் கழிச்சுத் தோண்டினா மண் ஒட்டின கவர் அப்படியே வந்துச்சு. உரம் தயாரிக்கிற ஆலையில நல்ல சூட்டுல வச்சாத்தான் மக்குற ரகங்களும் உண்டாம். செம்பருத்தித் தொட்டியில அந்தச் சூட்டுக்கு எங்க போறது.

கடைசியில பழைய வழிதான். பாத்திரம் கொண்டுவந்தா பார்சலுக்கு 5 ரூபாய் குறைவு. முதல் வாரம் மூணே பேர். அப்புறம் 40 எவர்சில்வர் தூக்கு வாங்கி, 150 ரூபாய் முன்பணத்துக்குக் கொடுத்தோம். 11 தூக்கு போனது போனதுதான். திரும்பி வந்ததுலயும் ஒண்ணு எங்களுது இல்ல, யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு 1987-ல மாமா கொடுத்ததுன்னு பேர் வெட்டியிருந்துச்சு! அதுக்கப்புறம் நானும் பாத்திரக்கடையில பேர் வெட்டிக்கிட்டேன்.

கவர், ரப்பர் பேண்ட் செலவு நல்லாவே குறைஞ்சது. ஆனா கழுவுற அக்காவுக்கு ஒரு மணி நேரம் வேலை கூடுச்சு, அதுக்குச் சம்பளமும் கூட்டினேன். கூட்டிக் கழிச்சா லாபமும் இல்ல, நட்டமும் இல்ல.

மூணாவது மாடி (சென்னை)

அண்ணா, செம்பருத்தித் தொட்டி சோதனையைப் படிச்சுச் சிரிச்சுட்டேன். நான் உரத்தொட்டி கதை சொல்றேன்.

மூணு அடுக்கு மண்பானை வாங்கி பால்கனியில வச்சேன். எங்க நாலு பேருக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ சமையல் கழிவு வரும். ஆர்வத்துல மீந்த சாம்பார், புளிச்ச மாவு எல்லாத்தையும் கொட்டினேன். பத்தாவது நாள் நாத்தம், பன்னிரண்டாவது நாள் புழு, பதிமூணாவது நாள் கீழ்வீட்டு மாமி. "என்னம்மா, வீட்டுல எலி கிலி செத்துக் கிடக்கா?"ன்னு கேட்டாங்க. என் மாமியார் எனக்கு முன்னாடியே "ஆமா, மருமகளோட எலி"ன்னு பதில் சொல்லிட்டாங்க.

தப்பு ஈரத்துல இருந்துச்சு. ஒரு பங்கு காய்த்தோலுக்கு அதே அளவு காய்ஞ்ச சருகோ தென்னை நார்த்தூளோ போட்டு, நாலு நாளைக்கு ஒருமுறை கிளறி விடணும். அந்தக் குண்டுப் புழுவும் வில்லன் இல்லையாம், கழிவைத் தின்னு வேகமாக் குறைக்குது. ஆனா அதை மாமிகிட்ட விளக்கிப் பாருங்க.

சருகுக்கு எங்க போறது? எங்க வாட்ச்மேன் அண்ணன் தினம் காலையில பாதாம் இலையைக் கூட்டி மூலையில கொளுத்துவார். மூட்டையா எனக்குக் கொடுங்கன்னேன். புகையும் நின்னுச்சு. இரண்டு மாசத்துல மழைக்கு அப்புறம் மண் மணக்குமே, அந்த வாசனையில உரம் வந்துச்சு. முதல் பொட்டலம் மாமி ரோஜாவுக்குத்தான் போச்சு.

ஒரு வருத்தமும் உண்டு. மக்கும் குப்பை, மக்காத குப்பைன்னு வீட்டுல சண்டை போட்டுப் பிரிச்சு வைக்கிறோம். தெருவுக்கு வர்ற வண்டியில இரண்டும் ஒரே தொட்டியில விழுறதை மாடியில இருந்து பார்த்திருக்கேன். அன்னிக்கு முழுக்க யார்கிட்டயும் பேசல.

தண்ணியை நான் தனியாக் கத்துக்க வேண்டியதே இல்ல, 2019 கோடையே கத்துக்கொடுத்துச்சு. லாரிக்குக் குடத்தோட நின்னவ, ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுற தண்ணியை எப்படிச் சாக்கடையில விடுவேன்? வாளியில பிடிச்சு வீடு துடைக்க.

சாயத்தொட்டி (திருப்பூர்)

நீங்க எல்லாம் விரும்பி மாறியிருக்கீங்க. எங்க ஊருல யாரும் ஆசைப்பட்டு மாறலீங்க, மாத்திவிட்டாங்க.

நான் சாயப்பட்டறையில ஹெல்பராச் சேர்ந்து, இப்ப சுத்திகரிப்பு பிளான்ட்ல ஆபரேட்டர். 2011 ஜனவரி கடைசியில ஐகோர்ட் உத்தரவு வந்துச்சு. 700-க்கு மேல பட்டறை மூடினாங்க, கரண்டையும் புடுங்கினாங்க. வெளியூர்ப் பசங்க பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. நானும் நாலு மாசம் பனியன் கம்பெனியில செக்கிங் பார்த்தேன். அப்ப கோர்ட் மேல எனக்கு அவ்வளவு கோவமுங்க.

ஆனா வழக்குப் போட்டது நொய்யல் ஆத்துப் பாசன விவசாயிங்க. எங்க சித்தப்பாவுக்கு ஒரத்துப்பாளையம் பக்கம்தான் காடு, அதான் விவசாய நிலம். பாசனத்துக்குன்னு கட்டின அணையில எங்க பட்டறைத் தண்ணி தேங்கி நின்னுச்சு. மதகைத் திறக்காதீங்கன்னு விவசாயியே கும்பிட்டுக் கேட்ட அணை வேற எங்கயாச்சும் இருக்குதுங்களா? கிணத்துத் தண்ணியில சோறு வடிச்சா நிறம் மாறும்னு சித்தி சொல்லும். நான் அந்த வீட்டுக்குப் போனா சம்பளம் பத்திப் பேச மாட்டேன்.

இப்ப ஒரு சொட்டு வெளிய விடக்கூடாது. சாயத்தண்ணி முதல்ல கழிவைத் தின்னுற பாக்டீரியாத் தொட்டிக்குப் போகும், அப்புறம் ஆர்ஓ. நல்ல தண்ணி திரும்பப் பட்டறைக்கே வந்துரும். மிஞ்சுற உப்புத்தண்ணியை எவாப்பரேட்டர்ல காய்ச்சணும். காட்டன் துணியில சாயம் ஏற உப்பு வேணுமுங்க, அதனால மீட்ட உப்புல ஒரு பகுதி மறுபடி சாயத்துக்கே போகுது. எதுக்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையா ஷெட்டுல அடுக்கிக் கிடக்குது. காய்ச்சுறதுக்கு விறகும் கரண்டும் கொஞ்ச நஞ்சமில்ல. இதைச் சொல்லாம "பூஜ்ஜியக் கழிவுநீர்"னு போர்டு மட்டும் மாட்டினா அது நியாயமில்லீங்க.

ஒரு நாள் ராத்திரி ஷிப்ட்ல எவனோ பிளீச்சிங் கழிவை மொத்தமாத் திறந்துவிட்டுட்டான். காலையில பார்த்தா பாக்டீரியாத் தொட்டி செத்துப்போச்சு. கருப்பு நுரை, அழுகின முட்டை நாத்தம். என்ன செஞ்சோம் தெரியுங்களா? மாட்டுச்சாணி கரைச்சு ஊத்தினோம். கோடிக்கணக்குல போட்ட பிளான்ட், அதுக்கு வைத்தியம் பக்கத்துத் தொழுவத்துல. உசுரு வர மூணு வாரம் ஆச்சுங்க.

முதலாளி, சாயம் ஏத்துற பழைய வின்ச் மெஷினைக் கழட்டிட்டு சாஃப்ட் ஃப்ளோங்கற வேற ரக மெஷின் போட்டதும் இதுக்கப்புறம்தான். அதே துணிக்குத் தண்ணி ரொம்பக் கம்மி. சுத்தம் பண்ற காசு தன் பில்லுல ஏறாத வரைக்கும் எத்தனை தண்ணி போகுதுன்னு அவர் ஒரு நாளும் கேட்டதில்லீங்க.

தொட்டில்சேலை (திருச்சி)

சாயத்தொட்டி அண்ணன் எழுதினதுக்கு அப்புறம் என்னோடது ரொம்பச் சின்னது. பாப்பாவுக்கு டயப்பருக்குப் பதிலா அம்மாவோட பழைய வேட்டியை மடிச்சுக் கட்டினோம். பகல்ல மட்டும். ராத்திரியும் முயற்சி பண்ணி, மூணு நாள் தூங்காம, நாலாவது நாள் கடைக்கு ஓடினேன். துவைக்கிறது யாருன்னு முடிவு பண்ணாம இதுல இறங்காதீங்க. எங்க வீட்டுல ஒற்றைப்படை நாள் நான், இரட்டைப்படை நாள் அவர். 31-ம் தேதியும் அடுத்து 1-ம் தேதியும் நான்தான் மாட்டுவேன்னு அப்ப யோசிக்கல.

கட்டுச்சோறு (மதுரை)

தங்கச்சி, அம்மாவுக்கு ஏது வேட்டி? அப்பாவோடதா?

தொட்டில்சேலை (திருச்சி)

ஆமாண்ணே, அப்பா வேட்டி. அம்மாதான் பீரோவுல பத்திரமா வச்சிருந்தாங்க, அதான்.

வெயில்காசு (கோவை)

மாடியில 3 கிலோவாட் சோலார் போட்டேன். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைச்சது. நல்ல வெயில்ல நாளுக்கு 12 யூனிட் பக்கம் வரும். ஆனா முதல் இரண்டு மாசம் எட்டைத் தாண்டல. தண்ணித் தொட்டி நிழல் மத்தியானத்துக்கு மேல ஒரே ஒரு பேனல் மேல விழுது, அது மொத்த வரிசையையும் இழுத்துப் பிடிக்குது. தொட்டியை நகர்த்தினப்ப வீட்டம்மா வடகம் காய வைக்கிற இடம் போச்சு. அந்த வழக்கு இன்னும் நிலுவையில இருக்கு.

இரண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ள ஓட்டுற வீடுன்னா அவசரப்படாதீங்க. முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம், போட்ட காசு திரும்பப் பல வருசம் ஆகும்.

கட்டுச்சோறு (மதுரை)

எல்லாத்தையும் கடையில உட்கார்ந்து படிச்சேன். சாயத்தொட்டி தம்பி, அந்தச் சாணியை மறக்க மாட்டேன்.

இன்னைக்கு ஒரு விஷயம் நடந்துச்சு. போச்சுன்னு எழுதினேனே 11 தூக்கு, அதுல இரண்டை ஒரு பாட்டி கொண்டுவந்தாங்க. மகனுக்கு உடம்பு சரியில்லாம ஊருக்குப் போயிருந்தாங்களாம். முன்பணத்தை எடுத்து நீட்டினேன். "பாத்திரத்தை வெறும்னு குடுக்கப்பிடாதுய்யா"ன்னு மூடியைத் திறந்து காட்டினாங்க. ஒண்ணுல சர்க்கரை, ஒண்ணுல முருங்கைக்கீரை. சாயங்காலம் அடை போட்டோம்.