நேற்று வந்தவருக்கு எதற்கு உதவித்தொகை என்பவர், நர்ஸுக்கு மட்டும் கொடுக்கலாம் என்கிறார்

கேள்வி:
என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், "நேத்து வந்தவங்களுக்கு எதுக்கு நம்ம வரிப்பணம்?" என்று எப்போதும் புலம்புவார். அதே மனிதர், தன் அப்பாவைக் கவனித்துக்கொண்ட வெளிநாட்டு நர்ஸுக்கு எல்லாச் சலுகையும் தரணும் என்கிறார். இது இரட்டை வேடம்தானே?

பதில் 1:
அப்படிச் சொல்ல மாட்டேன். குடியேறியவர்களுக்கு உள்நாட்டவரைப் போலவே சமூக நல உரிமை எப்போது தரலாம் என்று ஐரோப்பிய சமூக ஆய்வு என்ற கருத்துக்கணிப்பு 2008லும் 2016லும் பல நாடுகளில் கேட்டது. விடைகள் ஐந்து: வந்த உடனே, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வருடம் தங்கியதும், ஒரு வருடமாவது உழைத்து வரி கட்டிய பிறகு, குடியுரிமை வாங்கிய பிறகு, எப்போதுமே கூடாது. அதிகம் பேர் கைகாட்டியது மூன்றாவதை. 'கூடவே கூடாது' கட்சி சிறியதுதான். உங்கள் அண்ணன் அந்தப் பெரிய கூட்டத்தில் ஒருவர், அவ்வளவுதான். நர்ஸ் உழைப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார். மற்றவர்கள் உழைப்பதைப் பார்க்கவில்லை.

பதில் 2:
'முதலில் கட்டு, அப்புறம் வாங்கு' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டியவருக்கும் கிடைப்பதில்லையே! அமெரிக்காவில் 1996 சட்டப்படி, கிரீன் கார்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் பல மத்திய அரசு உதவிகளுக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். வருமான வரியோ முதல் சம்பளத்திலேயே பிடித்தம். பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்க விசா கேட்கும் பெரியவர்கள் பலர் மருத்துவ சேவைக்காகவே வருடத்துக்கு 1,035 பவுண்டு முன்பணமாகக் கட்டுகிறார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து இதுதான் கட்டணம். வேலைக்குப் போனால் வரி தனி. இதை உங்கள் அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள்.

பதில் 3:
அதற்கு முன்னால், நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் குடியேறியவர்கள் என்று அவரையே கேளுங்கள். அலெசினா, மியானோ, ஸ்டான்சேவா என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் ஆறு நாடுகளில் ஆய்வு செய்து 2018ல் வெளியிட்டார்கள். ஆறிலும் மக்கள் உண்மையைவிட மிக அதிகமாகத்தான் சொன்னார்கள். இன்னொன்று: குடியேற்றம் பற்றிய கேள்விகளை முதலில் கேட்டுவிட்டால், ஏழைகளுக்கு உதவும் திட்டங்களுக்கான ஆதரவே குறைந்தது. அடி வாங்குவது உள்ளூர் ஏழையும்தான்.

கேள்வி கேட்டவர்:
ஐந்து விடைகளையும் அவரிடம் காட்டினேன். யோசிக்காமல் மூன்றாவது என்றார். சரி, வந்த மூன்றாவது மாதமே ஒருவர் விபத்தில் சிக்கினால் என்றேன். "சிகிச்சை வேற, மாசாமாசம் காசு வேற. உயிருக்குப் போராடுறவன்கிட்ட ரசீதா கேப்பாங்க?" என்றார். 1,035 பவுண்டைத்தான் அவர் இன்னும் நம்பவில்லை.