நீச்சல் உடைக்கு அளவு பார்ப்பது எப்படி?

கேள்வி: நீச்சல் வகுப்பில் சேருகிறேன். முழங்கால் வரை மூடும் உடை வேண்டும். சுடிதார் அளவையே சொல்லி வாங்கலாமா?

பதில் 1: வேண்டாம் சிஸ்டர். இதற்கு உடம்பின் நீளமும் முக்கியம். இஞ்ச் டேப்பைத் தோள்மேல் வைத்து, முன்பக்கமாகத் தொடையிடுக்கு வரை இறக்கி, முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டுவாருங்கள். உடை இந்தச் சுற்றுக்குப் பற்றாமல் குட்டையானால் தோளை அறுக்கும், அடியில் ஏறிக்கொள்ளும். போட்டுப் பார்க்கும்போது குனிந்து, உட்கார்ந்து, கைகளைத் தூக்கிப் பாருங்கள். நனைந்தால் துணி சற்றுத் தளரும். அதனால் கடையில் கச்சிதமாகவே பிடிக்க வேண்டும், ஆனால் மூச்சு முட்டக்கூடாது.

பதில் 2: வெளிர் நிறமென்றால் உள்துணி இருக்கிறதா பாருங்கள். குளத்துத் தண்ணீரில் கலக்கும் குளோரின், ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் இழையை அரித்துவிடும். தினமும் நீந்துவதானால் குளோரினைத் தாங்கும் பாலியெஸ்டர்-பிபிடி (PBT) துணிதான் நல்லது. நீந்தியதும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல் நிழலில் உலர்த்துங்கள்.

கேட்டவர்: கூச்சத்துக்கு மேலே காட்டன் டி-ஷர்ட் போடலாமா?

பதில் 1: கூடாது. தண்ணீர் குடித்துக் கனத்து, கை வீச விடாது. முழுக்கை வைத்த நீச்சல் உடையே கிடைக்கிறது, அதைக் கேளுங்கள்.